கை வைத்த நாற்காலி

எங்கள் மில்லில் சாயங்காலச் சங்கு ஊதிய பிறகும் வேலை செய்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகைக்கு ரெட்டைக் கூலி. இன்னொரு வகைக்குத் தோசை.

இது எனக்கு எப்படித் தெரிய வந்தது என்பதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நான் கொடுமுடிப் பக்கத்தில் ஆறாவது வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த இடத்திலும் ஒரு வருஷம் முழுசாக இருந்தது கிடையாது. மேட்டுப்பாளையத்தில் பாக்கு மண்டியில் மூட்டை தூக்கினேன். அங்கேயே மலைக்குப் போகிற பஸ்களின் கூரையில் சாமான் ஏற்றினேன். சென்னிமலையில் ஒரு சாயப் பட்டறையில் இருந்தபோது முழங்கை வரைக்கும் நீலமாகி, அந்த நிறம் போவதற்குள் வேலை போய்விட்டது. பிறகு கோயம்புத்தூர். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லின் வாசலில் தினமும் காலையில் போய் நிற்பேன். படுக்கை ஒரு கோயில் மண்டபத்தில். பகலுக்கு ஒரு பன், ஒரு டீ. ஒருநாள் டைம் ஆபீசில் இருந்த ஆளுக்கு அம்மை போட்டுவிட்டது. எண் படிக்கத் தெரிந்தவன் யாராவது இருக்கிறானா என்று வாட்ச்மேன் வெளியே வந்து கேட்டார். எழுத்து எனக்குச் சுமார்தான். எண் நன்றாக வரும். உள்ளே போனேன்.

டைம் ஆபீஸ் என்பது கேட்டை ஒட்டிய சின்ன அறை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் எண் அடித்த பித்தளை டோக்கன் ஒன்று உண்டு. வரும்போது ஜன்னலில் வாங்கிக்கொண்டு போவார்கள், திரும்பும்போது போட்டுவிட்டுப் போவார்கள். யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்று எழுதிக் கணக்கு ஆபீசுக்கு அனுப்புவது என் வேலை. சங்குக்குப் பிறகும் ஒருவர் உள்ளே இருந்தால் அவருடைய நேரத்தைச் சிவப்பு மையில் எழுத வேண்டும். அதற்கு ஓ.டி. பார்ப்பது என்று பேர். ஓவர்டைம் என்று முழுசாகச் சொன்னவர் யாரையும் நான் அங்கே கண்டதில்லை. ஓ.டி. பார்க்கிறவர்களின் டோக்கனை வாங்க நானும் இருந்தாக வேண்டும். அதனால் என் பேருக்கு எதிரேயும் சிவப்பு மை விழுந்தது.

முதல் சம்பளம் வாங்கி எண்ணிப் பார்த்தேன். நான் மனதில் போட்டு வைத்திருந்த கணக்குக்கு மேலே இருந்தது. யாரோ தப்பாகக் கொடுத்துவிட்டார்கள், நாளைக்குத் தெரிந்தால் என்னை வெளியே தள்ளுவார்கள் என்று பயந்து கணக்கு ஆபீசுக்கு ஓடினேன்.

அங்கே உயரமான சாய்வு மேஜைக்கு முன்னால் உயரமான ஸ்டூலில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நாற்பது தாண்டியவர், நெற்றியில் திருநீறு, காதில் பென்சில். அவர்தான் கணக்கர். அவருக்குப் பக்கத்தில் இரண்டு குமாஸ்தாக்கள்.

"ஏனுங்க, எனக்கு எச்சாப் போட்டுப்போட்டீங்க" என்றேன்.

கணக்கர் தலையைத் தூக்கினார். "கொறையுதுன்னு சண்டைக்கு வாரவங்களப் பாத்திருக்கறன். எச்சா வந்திருக்குதுன்னு ஓடியாந்த மொத ஆளு நீதான் தம்பி. எந்த ஊரு?"

சொன்னேன். அவர் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். "தப்பில்ல. சங்குக்கு மேல பாத்த நேரத்துக்கு ரெட்டையாத் தரோணும். பேக்டரிச் சட்டத்துல அப்படித்தான் போட்டிருக்குது."

அன்றைக்கு மணி ஆறுக்கு மேல் இருக்கும். சங்கு ஊதி வெகுநேரம் ஆகிவிட்டது. ஆபீசில் மூன்று பேரும் விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். நான் யோசனை இல்லாமல் கேட்டேன்: "அப்ப உங்களுக்கு எவ்வளவுங்க வரும்?"

இரண்டு குமாஸ்தாக்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "எங்களுக்கு மசால் தோசை வரும். நடுவுல கெழங்கு இருக்கும்" என்றார் ஒருவர்.

வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரத்தில் மில்லுக்கு எதிரே இருந்த ஓட்டலிலிருந்து வாழையிலையில் சுற்றிய மூன்று பொட்டலமும் ஒரு தூக்குக் காப்பியும் வந்து சேர்ந்தன. அதுதான் அவர்களுக்கு. மில் ஆரம்பித்த காலத்திலிருந்து அது வழக்கம். சங்குக்கு மேல் கணக்கு ஆபீசில் இருந்தால் ஒரு தோசை, ஒரு காப்பி. எத்தனை மணி நேரம் ஆனாலும் அதே தோசைதான். மில்லுக்குள் அதற்குத் தோசை ஓ.டி. என்றே பேர். "இன்னைக்குத் தோசைங்களா?" என்று கேட்டால் இன்றைக்கு நேரம் ஆகுமா என்று அர்த்தம்.

என் ரெட்டைக் கூலியை எனக்குப் போட்டுத் தருகிறவர் தோசைக்காக உட்கார்ந்திருக்கிறார். இது என் மண்டைக்குள் புகுந்துகொண்டு வெளியே வரவே இல்லை. கோபம் என்று சொல்ல மாட்டேன். பெரிய ஊர்களுக்குப் புதிதாகப் போகும்போது எந்தத் தெரு எங்கே முட்டுகிறது என்று நடந்தே பார்த்துவிடுவேன். அது மாதிரி இது எங்கே போய் முட்டுகிறது என்று தெரிய வேண்டியிருந்தது. பார்க்கிற ஆளிடமெல்லாம் கேட்டேன். பிட்டர் ஒருவர், "அவுங்க வெள்ளைச் சட்டை, அழுக்காகறதில்ல, அதனாலதான்" என்றார். வாட்ச்மேன், "அவுங்களுக்கு விசிறி இருக்குதல்ல" என்றார். இரண்டும் காரணம் மாதிரி இருந்தது. ஆனால் இரண்டும் காரணம் இல்லை.

அது நயா பைசா வந்த வருஷம். அதுவரை கூலியெல்லாம் அணாவிலும் பைசாவிலும் இருந்தது. அதை முழுக்கப் புதுக்காசுக்கு மாற்றி எழுத வேண்டும். அணாவுக்கு ஆறே கால் நயா பைசா. அந்தக் கால் பைசாவை எங்கே வைப்பது என்பதுதான் தகராறு. நூலைச் சிட்டம் சுற்றுகிற ரீலிங் பகுதிப் பெண்களுக்குச் சுற்றின அளவுக்குக் கூலி. ஒவ்வொரு அளவுக்கும் ஒரு கால், ஒரு அரை தொங்கிக்கொண்டு நின்றது. சம்பள நாளில் ஓர் அம்மாள் கணக்கு ஆபீஸ் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு, "என்ற கால் பைசாவ யாருங்க தின்னது?" என்று கேட்டார். "ரேடியோவுல சொன்னாங்களே, கவருமெண்டு தின்னுபோடுச்சுங்க" என்றார் கணக்கர். "அதுக்குப் பசி எடுத்தா மொதலாளி ஊட்டுல போயித் தின்னோணுமுங்க. என்ற கிட்ட எதுக்குங்க?" வரிசை முழுக்கச் சிரித்தது. கணக்கரும் சிரித்தார். ஆனால் அந்தக் கால் பைசாக்களுக்காக அந்தக் கோடை பூராவும் அவருக்குத் தினமும் தோசைதான். ஞாயிற்றுக்கிழமை பாதிக்கும் தோசை.

எனக்கு மில்லில் இன்னொரு வேலையும் வந்து சேர்ந்தது. கணக்கர் வீடு உப்பிலிபாளையம் பக்கம் ஒரு லைன் வீட்டில். நான் அதற்குள் மண்டபத்தை விட்டு அதே பக்கம் நாலு பேரோடு ஓர் அறையில் சேர்ந்திருந்தேன். எனக்கு ஓ.டி. இல்லாத நாட்களில் நான் சைக்கிளில் போகும்போது அவர் வீட்டு வாசலில் நிறுத்தி, "அக்கா, இன்னைக்குத் தோசைங்க" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் மனைவி உள்ளேயிருந்து, "இன்னைக்குமா? அந்த ஓட்டல்காரன் அவரத் தத்து எடுத்துக்கட்டும்" என்பார். ஆனால் என்னை அப்படியே போக விடமாட்டார். ஒரு டம்ளர் மோர் வரும்.

அந்த வீட்டில் மூன்று பிள்ளைகள். மூத்தவள் பெண், எஸ்.எஸ்.எல்.சி. எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தாள். கணக்கர் தோசையை அங்கேயே தின்பதில்லை, பொட்டலத்தோடு வீட்டுக்குக் கொண்டுவருவார். ஒரு தோசையை மூன்றாகப் பிய்ப்பதில் தினமும் சண்டை. கிழங்கு இருக்கிற நடுத்துண்டு யாருக்கு என்பதே கேள்வி. பெரியவள் ஓரத்தை எடுத்துக்கொண்டு தம்பிகளுக்கு நடுவை விட்டுவிடுவாள். அவளுக்கு வேறு ஒன்று வேண்டியிருந்தது. பி.யூ.சி. படிக்க வேண்டும்.

பரீட்சை முடிவு வந்தது. நல்ல மார்க்கு. அன்றைக்கு நான் தோசை சொல்லப் போனபோது வீட்டில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. கோபியிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது என்று அம்மா சொன்னார். மாப்பிள்ளை வீட்டுக்கு மஞ்சள் மண்டி. "பொண்ணோட அப்பன் மில்லுல என்ன வேலைன்னு கேட்டாங்க. கணக்குப்பிள்ளைன்னு சொன்னன். அந்தப் பொம்பள மூஞ்சி இப்படிப் போச்சு" என்று காட்டினார். எலுமிச்சையைக் கடித்த முகம்.

"காலேஜுக்குப் பணம் கட்டறது ஜூன் கடைசிலீங்கம்மா" என்றாள் பெண், வேறு யாரோ கேட்ட கேள்விக்குப் பதில் சொல்கிற மாதிரி.

"பணம் எங்க இருக்குதாமா? மச்சு மேல காய்ச்சுத் தொங்குதா?"

பெண் என் பக்கம் திரும்பினாள். "ஏனுங்கண்ணா, உங்களுக்கு மட்டும் சங்குக்கு மேல பாத்தா ரெட்டைக் கூலி உண்டுங்களா?"

"உண்டு அம்மணி."

"எங்கப்பாவுக்கு அது இருந்தா, இந்த ரெண்டு மாசத்துக்கு எவ்வளவு வரும்?"

அவளே அடுப்புக் கரியால் தரையில் கணக்குப் போட்டாள். காலேஜ் பணத்துக்கு மேலேயே வந்தது. அம்மா அதைப் பார்க்காதது மாதிரி துணியால் துடைத்துவிட்டார்.

மறுநாள் இதைக் கணக்கரிடம் சொன்னேன். அவர் காதிலிருந்த பென்சிலை எடுத்து மேஜை மேல் வைத்தார். "நீ வந்து எச்சா எச்சான்னு கத்துன நாள்லருந்தே அதே நெனப்பாத்தான் தம்பி இருக்குது" என்றார். அன்றைக்கு மத்தியானம் ஓ.டி. கேட்க மானேஜர் அறைக்குப் போனார்.

மானேஜர் முதலாளியின் மருமகன். சென்னையில் படித்தவர். வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், மில்லுக்குள் வந்தால் எங்களைவிட அதிகமாக 'ங்க' போடுவார். கெட்ட மனிதர் இல்லை. மில்லைப் புதிதாகக் கையில் எடுத்ததால் ஒவ்வொரு செலவுக்கும் பயந்தார். கணக்கர் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னார்.

"நீங்க என்ன கூலி ஆளுங்களா கணக்கரேன்னு கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?" என்றார் குமாஸ்தா.

"கூலி ஆளு இல்லீங்கன்னுதான் சொன்னன். வேற என்ன சொல்றது? வாய் அப்படிப் பழகிப்போச்சு."

"போச்சு. அடுத்த தோசைக்குச் சட்னி சேத்திக் கேளுங்க."

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். ஆனால் சட்டப்படி எல்லாம் நடக்கிறதா என்று பார்க்கிற பேக்டரி இன்ஸ்பெக்டர் அடுத்த வாரம் வருகிறார் என்று தகவல் வந்தது. தகவல் வந்து இரண்டு நாள் கழித்து மானேஜர் என்னையும் வாட்ச்மேனையும் கூப்பிட்டு, டவுனில் ஒரு மரச்சாமான் கடைக்குப் போய் ஒரு நாற்காலி எடுத்துவரச் சொன்னார். ஒற்றை மாட்டு வண்டியில் வைக்கோல் மேல் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். தேக்கு, பின்னல் போட்ட இருக்கை, இரண்டு பக்கமும் வளைந்த கைகள்.

இதை விளங்கிக்கொள்ள எங்கள் மில்லின் ஒரு பழக்கம் தெரிய வேண்டும். யாரும் எழுதி வைத்த விதி இல்லை, ஆனால் கை வைத்த நாற்காலி மூன்று பேருக்கு மட்டும்தான். முதலாளி, மானேஜர், நூற்பு மாஸ்டர். மற்றவர்களுக்கு ஸ்டூல், இல்லாவிட்டால் கையில்லாத நாற்காலி. எவனாவது பெரியாள் மாதிரி பேசினால், "இவனுக்குக் கை முளைச்சுப் போச்சுடா" என்பார்கள்.

நாற்காலியைக் கணக்கு ஆபீசில் இறக்கச் சொன்னார் மானேஜர். தச்சர் வந்து கதவில் ஒரு பலகை அடித்தார். 'அக்கவுண்ட்ஸ் ஆபீசர்' என்று வெள்ளை எழுத்து, பெயிண்ட் காயவில்லை.

"இன்னைலருந்து நீங்க ஆபீசருங்க" என்றார் மானேஜர், நிஜமான சந்தோஷத்தோடு. "உங்க வயசுக்கும் அனுபவத்துக்கும் இது எப்பவோ செஞ்சிருக்கோணும். ஆபீசருக்கு ஓ.டி. கெடையாதுங்க, சட்டத்துலயே இல்ல. அது உங்களுக்கே தெரியும். ஆனா மரியாதை பாருங்க."

அவர் போன பிறகு நாங்கள் எல்லோரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றோம். கணக்கர் அதன் கையைத் தடவிப் பார்த்தார். பிறகு போய் ஸ்டூலில் உட்கார்ந்து கால் பைசாக் கணக்கை எடுத்துக்கொண்டார்.

சேதி எனக்கு முன்னாலேயே உப்பிலிபாளையம் போய்விட்டது. அன்றைக்கு நான் போனபோது அவர் மனைவி மோருக்குப் பதில் காப்பி கொடுத்தார். "ஆபீசராமா தம்பி? போர்டெல்லாம் போட்டுட்டாங்களாமா? இங்கிலீசுலயா தமிழ்லயா?" அடுத்த வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கேட்டார். கோபிக்கு ஆள் விட்டுச் சொல்ல வேண்டும் என்றார். ஆபீசர் வீட்டுப் பெண் என்றால் தட்டில் வைக்கிறதைக் கொஞ்சம் குறைத்துக் கேட்பார்கள் என்று அவருக்கு ஒரு கணக்கு. அதைத் தப்பு என்று சொல்ல முடியாது. அவர் வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

கணக்கர் அன்றைக்குச் சீக்கிரமே வந்துவிட்டார், தோசை இல்லாமல். தம்பிகள் இரண்டு பேரும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டார்கள். நான் கிளம்ப எழுந்தேன். அவர் உட்காரச் சொன்னார். பெண் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அப்பா, அந்த நாற்காலில உக்காந்தா இனிமே பொழுதோட ஊட்டுக்கு வந்துருவீங்களா?"

"எங்க கண்ணு? வேலை அதேதான்."

"சம்பளம் எச்சா வருமுங்களா?"

"அதப் பத்தி ஒண்ணும் சொல்லுல."

"அப்பறம் அதுல என்னதானுங்கப்பா இருக்குது?"

"ரெண்டு கை இருக்குது அம்மணி."

பெண் சிரிக்கவில்லை. அம்மாதான் சொன்னார்: "மருவாதி இருக்குதல்ல? அத விட்டுப்போட்டு ஒரு தோசைக்கும் ஒரு ஓ.டி.க்கும் சண்டை போட்டுட்டு இருக்கோணுமா? வயசாகுது உங்களுக்கு."

கணக்கர் செருப்பைக் கழற்றவே இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். வீட்டுக்குள் வந்தது மாதிரியும் இல்லை, வராதது மாதிரியும் இல்லை.

இன்ஸ்பெக்டர் வருகிற வரைக்கும் அவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நாங்கள் பார்க்கவில்லை. மானேஜர் எட்டிப் பார்க்கும்போது ஸ்டூலிலிருந்து எழுந்து நின்றுகொள்வார். அவர் போனதும் ஸ்டூல். நாற்காலி மேல் தூசி படியக் கூடாது என்று குமாஸ்தா தினமும் துடைத்தார். "ஏனுங்க, உக்காந்துபோடுங்க, இல்லாட்டி அது மனசு சங்கடப்படுமுங்க" என்று வம்புக்கு இழுப்பார்.

இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வருவார் என்று எதிர்பார்த்தோம். அவர் டவுன் பஸ்ஸில் வந்து, வெயிலில் நடந்து, ஒரு கையில் குடையும் ஒரு கையில் தோல் பையுமாகக் கேட்டுக்குள் நுழைந்தார். சின்ன உருவம். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மெஷின்களின் தடுப்புக் கம்பி, குடிதண்ணீர்ப் பானை, கக்கூஸ் எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசியில் கணக்கு ஆபீசுக்கு வந்தார். டைம் ஆபீஸ் நோட்டுகளை எடுத்துக்கொண்டு நானும் பின்னால் போனேன். உள்ளே வந்ததும் மனிதர் சுற்றுமுற்றும் பார்த்தார். காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலிதான். அதில் போய்ச் சாய்ந்து உட்கார்ந்து இரண்டு கையையும் அதன் கைகளின் மேல் போட்டுக்கொண்டார். "அப்பாடா" என்றார்.

குமாஸ்தா ஒருவர் இருமுகிற மாதிரி வாயைப் பொத்திக்கொண்டார்.

இன்ஸ்பெக்டர் என் நோட்டுகளைப் புரட்டினார். பிறகு கதவுப் பலகையைப் பார்த்தார். "யார் இங்க அக்கவுண்ட்ஸ் ஆபீசர்?"

"இவர்தானுங்க" என்று மானேஜர் கணக்கரைக் காட்டினார்.

"ஆபீசர் சார், நீங்க ஏன் நிக்கறீங்க? இது உங்க நாற்காலியா? நான் உக்காந்துட்டேனா?"

"உக்காருங்க சார். எனக்கு ஸ்டூல் இருக்குதுங்க."

இன்ஸ்பெக்டர் ஸ்டூலைப் பார்த்தார். அதன் இருக்கை நடுவில் குழிந்து, உட்கார்ந்து உட்கார்ந்து பளபளவென்று இருந்தது. நாற்காலியின் பின்னலைத் தன் கையாலேயே அழுத்திப் பார்த்தார். விறைப்பாக இருந்தது. குரலைக்கூட மாற்றாமல் கேட்டார்.

"உங்களுக்குக் கீழே ரெண்டு பேர் இருக்காங்களே, அவங்களுக்கு லீவு நீங்க குடுப்பீங்களா?"

"மானேஜர்தான் சார் குடுப்பாரு. எனக்கும் அவருதானுங்க."

"ஒரு செலவை நீங்களே பாஸ் பண்ணலாமா? ஒரு பென்சில் வாங்கணும்னா?"

கணக்கர் காதிலிருந்த பென்சிலைத் தொட்டார். "அதுக்கும் அவரு கையெழுத்து வேணுங்க."

மானேஜர் நடுவில் பேச வந்தார். இன்ஸ்பெக்டர் கையைக் கொஞ்சம் தூக்கினார், அவ்வளவுதான். "சாயங்காலம் சங்குக்கு மேல இருக்கறதுண்டா?"

"உண்டுங்க."

"அதுக்கு என்ன தருவாங்க?"

குமாஸ்தாக்கள் இரண்டு பேரும் நோட்டில் குனிந்துகொண்டார்கள்.

"தோசைங்க" என்றார் கணக்கர்.

இன்ஸ்பெக்டர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "எனக்கு நீங்க ஒண்ணே ஒண்ணுதான் சொல்லணும். போர்டுல இருக்கறதை நான் படிச்சுட்டேன். நீங்க ஆபீசரா? நீங்க என்ன சொல்றீங்களோ அதை எழுதிட்டுப் போறேன்."

எனக்கு அப்போது அந்த வீட்டில் கரியால் போட்ட கணக்குதான் ஞாபகம் வந்தது. அவருக்கு எது ஞாபகம் வந்தது என்று தெரியாது. கோபி மஞ்சள் மண்டியாக இருக்கலாம், மனைவி கொடுத்த காப்பியாகவும் இருக்கலாம். மானேஜரின் முகத்தைப் பார்த்தார். நாற்காலியைப் பார்த்தார். கடைசியில் சின்னக் குரலில் சொன்னார்.

"கணக்குப்பிள்ளைங்க."

இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். எழுந்து குடையை எடுத்துக்கொண்டார். போகும்போது நாற்காலியைத் திரும்பிப் பார்த்து, "நல்ல நாற்காலி" என்றார் மானேஜரிடம்.

அதற்குப் பிறகு நடந்தது எல்லாமே நாங்கள் நினைத்த மாதிரி இல்லை. அந்த மாதத்திலிருந்து கணக்கு ஆபீசுக்கு ஓ.டி. வந்தது. பழைய மாதங்களுக்கு வரவில்லை, கேட்கவும் இல்லை. ஓ.டி. வந்த அன்றே தோசை நின்றுவிட்டது. இதைக் குமாஸ்தாக்கள் எதிர்பார்க்கவில்லை. "ரெண்டும் வேணும்னு கேட்டிருக்கலாமுல்லீங்க" என்று கணக்கரிடம் கோபித்துக்கொண்டார்கள். பிறகு மானேஜர் ஒன்றைக் கண்டுபிடித்தார். ரெட்டைக் கூலி கொடுத்தால்தான் ஆகும் என்றானதும், பாதி வேலை மறுநாள் காலையில் செய்தாலும் போதும் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வேலை நின்றது. கால் பைசாக்கள் முடியும் வரைக்கும்தான் கணக்கருக்கு ஓ.டி. நன்றாக வந்தது. அந்தப் பணம் ஜூன் முதல் வாரச் சம்பளத்தோடு வந்தது. மாதக் கடைசியில் காலேஜுக்குப் போயிற்று. அவள் கரியால் போட்ட கணக்கில் பாதிகூட அது வரவில்லை. மீதிக்கு அவர் தன் சைக்கிளை விற்றார். அதற்குப் பிறகு என்னோடு சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்தார். அவருக்குத்தான் இப்போது பொழுதோடு வீட்டுக்குப் போக முடிந்ததே.

கணக்கருக்கு மட்டும் ஏன் தோசை என்ற அந்தக் கேள்விக்கும் ஒரு விதமாகப் பதில் கிடைத்தது. வெள்ளைச் சட்டையும் இல்லை, விசிறியும் இல்லை. இத்தனை வருஷமாக யாரும் அவரிடம் நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று நேராகக் கேட்டதில்லை. கேட்டபோது அவர் சொன்னார். அவ்வளவுதான்.

கோபிக்காரர்கள் வரவில்லை. ஆபீசர் வேலையைத் தானே வேண்டாம் என்று சொன்ன ஆளின் வீட்டில் கிறுக்கு இருக்கும் என்று அவர்கள் சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அவர் மனைவி ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அப்புறம் ஒருநாள் அடுத்த வீட்டுக்கு விருந்தாக வந்த ஒறம்பரையிடம் சொல்லிக்கொண்டிருந்ததை என் காதால் கேட்டேன்: "என்ற ஊட்டுக்காரரு ஆபீசரா இருந்தவருங்க. அந்த வேலை புடிக்கலீன்னு அவரே உட்டுப்போட்டாரு." சொல்லும்போது குரல் உயர்ந்திருந்தது. பெண் உள்ளேயிருந்து என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். காலையில் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு டவுன் பஸ்ஸுக்கு நிற்பாள். சில நாள் நான் எதிர்ப்பக்கமாக மிதித்துக்கொண்டு போகும்போது, "அண்ணா, இன்னைக்குத் தோசைங்களா?" என்று கத்துவாள்.

பலகையைத் தச்சர் கழற்றிக்கொண்டு போனார். நாற்காலியை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. மானேஜர் அதைப் பார்க்கும்போதெல்லாம் முகம் வாடுகிறது என்று டைம் ஆபீசுக்குத் தள்ளிவிட்டார்கள். எங்கள் அறையில் அது பாதி இடத்தை அடைத்துக்கொண்டது. நாங்கள் யாரும் அதில் உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஓ.டி. போய்விடுமோ என்று பயம். டிபன் கேரியர் வைத்தோம், மழைக் காலத்தில் ஈரக் கோணிப்பை போட்டோம்.

ஐப்பசி மழை ஆரம்பித்ததும் எனக்கு வழக்கம்போல் கால் அரித்தது. நீலகிரியில் அணை வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு லாரிக்காரர் சொன்னார். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துக் கணக்கை முடிக்கக் கணக்கர் வருவதற்காகக் காத்திருந்தேன். அறையில் வேறு யாரும் இல்லை. டிபன் கேரியரை எடுத்துக் கீழே வைத்துவிட்டு அதில் உட்கார்ந்தேன். சும்மா, எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். முதுகுக்கு நன்றாகவே இருந்தது. மேஜைப் பக்கமாக இழுத்தேன். நாற்காலியின் கைகள் மேஜை விளிம்பில் இடித்துக்கொண்டு உள்ளே போகவில்லை. குனிந்து எழுதிப் பார்த்தேன். முழங்கை இடித்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும் நோட்டு எட்டவில்லை.

கணக்கர் என் கடைசிச் சம்பளச் சீட்டோடு ஜன்னலில் வந்து நின்றார்.

"ஏனுங்க ஆபீசரே, சௌரியமா இருக்குதுங்களா?"

"அண்ணா, இதுல உக்காந்தா கணக்கே எழுத முடியாதுங்க."

"தெரியும் தம்பி. வந்த மறுநாளு எல்லாரும் போன பொறகு ஒருக்கா உக்காந்து பாத்துப்போட்டன்" என்று சொல்லிச் சீட்டை நீட்டினார். "எண்ணிப் பாரு. எச்சா இருந்தாச் சொல்லு."